ஒற்றை ரைடரை நம்பும் அணி: கல்லூரிக் கபடியில் மாற்றாள் முறையின் வலிமையும் குறையும்

தமிழகக் கல்லூரிக் கபடியில் பரவலாகக் காணப்படும் வழக்கம், களத்தில் ஏழு பேர் நின்றாலும் ஆட்டத்தின் பாரத்தை ஒரே ரைடரின் காலில் ஏற்றிவிடுவதாகும். ரைடர் என்பவர் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிரணியின் பக்கம் நுழைந்து, ஆளைத் தொட்டுவிட்டு 30 நொடிக்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டியவர். அவர் பலத்த காயத்துடன் வெளியேறினால், வரிசையில் அடுத்து இருப்பவரை அவர் இடத்தில் இறக்கி ஆட்டத்தைத் தொடர்வதே அணிகள் கைக்கொள்ளும் முறை. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பேட்டை வட்டாரத்தில் ஓர் இளைஞனின் கால் அவனுடைய ஆட்டத்துக்கு மட்டுமன்றி நாளைய கூலிக்கும் ஆதாரமாக இருப்பதால், இந்த முறை அணியைக் காப்பாற்றுகிறதா என்று கேட்கும்போதே, காயம்பட்டவரை அது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

ஒற்றை ரைடரை நம்புவது அறியாமையால் விளைந்த வழக்கமன்று. கபடியின் விதிகளே அதற்கு இடம் தருகின்றன. ஆட்டமிழந்து வெளியே அமர்ந்திருப்பவர், தம் அணி எதிரணியில் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்ததும் மீண்டும் களத்துக்கு வந்துவிடலாம் என்பதால், சிறந்த ரைடரை ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியின்றிப் போனால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ரைடர் வெளியேற வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த நெருக்கடிக்கென்று கைதேர்ந்த ஒருவரை வைத்திருப்பது பயனளிக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில், நிதியும் நேரமும் குறைந்த ஓர் அணி பல ரைடர்களை வளர்ப்பதைவிட ஒருவரைக் கூர்மைப்படுத்துவது விரைவில் பலன் தரும் என்பதையும் மறுக்க முடியாது.

மாற்றாள் முறை வெற்றி பெற்றதற்கு நன்கு அறியப்பட்ட சான்று, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் தொடங்கியது. புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது பருவத்துக்காக, பெங்களூரு புல்ஸ் அணியில் புகழ்பெற்றிருந்த பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதுவரை அந்த லீக்கில் எந்த வீரருக்கும் கிடைத்திராத தொகை அது. 2022 அக்டோபர் 8 அன்று கண்டீரவா உள்ளரங்கில் குஜராத் ஜெயன்ட்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டு, பருவம் முழுவதும் அவர் ஆட முடியாமல் போனது. அவர் அடிபட்டது ரைடின்போது அன்று, எதிரணி ரைடரைப் பிடிக்கப் பாய்ந்தபோது. ரைடும் அவரே, பிடியும் அவரே என்று ஒருவர்மீதே எல்லாம் குவியும்போது ஆபத்தும் அவர்மீதே குவிகிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

தொடக்க ஆட்டங்களில் தடுமாறிய அந்த அணி, பருவத்தின் இடையில் பயிற்சியாளரையும் மாற்றி, ஆஷன் குமாரின் வழிகாட்டலில் நிலைபெற்றது. அறிமுகப் பருவத்தில் ஆடிய நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அஜிங்கியா பவார் மறுபுறம் துணைநின்றார். களத்தின் இரு ஓரங்களிலும் நின்று ரைடரின் காலைக் குறிவைக்கும் மூலைக்காவலர்களான சாகர் ராத்தியும் சாகில் குலியாவும் தற்காப்பைத் தாங்கினர். உ.பி. யோதாஸ் அணியுடன் 36-36 என்று சமன் செய்து, சமன்முறிப்பில் வென்று முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்த தலைவாஸ், அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.

இந்தப் பருவத்தைப் பார்த்து, ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்று கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆறுதல் கொள்வதில் ஒரு பிழை இருக்கிறது. தலைவாஸ் அணியைத் தாங்கியது நரேந்தர் ஒருவரின் திறமை மட்டுமன்று. காயத்துக்கு முன்பே உருவாகியிருந்த தற்காப்பும், அடுத்தடுத்த ஆட்டங்களில் புதியவருக்குக் கிடைத்த நீண்ட அவகாசமும் சேர்ந்தே தாங்கின. இரண்டு நாள் போட்டியில் அத்தகைய அவகாசத்துக்கு இடமில்லை. அதைவிட முக்கியமானது காயம்பட்டவரின் கதை. பவன் செராவத் குணமடைந்து, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டு ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அணி அவரை 2.605 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவருடைய முழங்காலுக்காக ஒரு நாடே காத்திருந்தது. சூளகிரியிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பேருந்தில் கல்லூரிக்கு வரும் ரைடருக்காக அப்படிக் காத்திருக்க யாருமில்லை.

காயம் நேரும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் இந்த வேறுபாட்டின் கனம் புரியும். ரைடர் ஒரு காலைத் தரையில் அழுந்த ஊன்றி நடுக்கோட்டை நோக்கி உடலைத் திருப்பும் நொடியில் மூலைக்காவலர் கணுக்காலை இறுகப் பிடித்துவிட்டால், கால் நின்ற இடத்தில் நிற்க உடல் மட்டும் சுழல்கிறது. அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்குகிறது. தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் உள்ளிருந்து பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார், அதாவது வீரர்கள் ஏ.சி.எல். என்று சொல்லும் லிகமெண்ட், கிழிவது பெரும்பாலும் இத்தகைய முறுக்கில்தான். 40 நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு ரைடும் 30 நொடி நீடிப்பதாகக் கொண்டால் ஓர் அணிக்குச் சுமார் 40 ரைடுகள் வரும்; அவற்றில் பாதியை ஒருவரே போனால், ஓர் ஆட்டத்தில் 20 முறை அவர் முழங்கால் இந்த ஆபத்தைச் சந்திக்கிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் நடக்கும் போட்டிகளில் களைத்த தசைகளோடு அந்த எண்ணிக்கை பெருகுகிறது. அவர் வீழ்ந்தபின் அதே 20 ரைடுகளையும் மாற்றாளிடம் அப்படியே ஒப்படைத்தால், அணி காயத்திலிருந்து மீளவில்லை; ஆபத்தை இன்னொரு முழங்காலுக்கு மாற்றியிருக்கிறது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் 9 மாதத்துக்கு முன்பே களம் திரும்பினால் மீண்டும் காயமடையும் வாய்ப்பு கூடுகிறது என்று விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 9 மாதம் என்பது ஒரு முழுப் போட்டிப் பருவம். பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலப் போட்டி, விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு உதவக்கூடிய சான்றிதழ் ஆகிய அனைத்தும் அந்தப் பருவத்தோடு போய்விடும் என்ற அச்சமே, பாதி ஆறிய காலில் நீ-கேப்பை இழுத்து மாட்டிக்கொண்டு மாணவனைக் களமிறங்க வைக்கிறது. பொங்கலை ஒட்டி மின்விளக்கொளியில் நடக்கும் ஊர்ப் போட்டிகளின் பரிசுத்தொகை அந்த அவசரத்தைக் கூட்டுகிறது. எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டை நாடிப் போவோரும் இந்தப் பகுதியில் உண்டு. முறிந்த எலும்பைப் பற்றிய அந்தக் கைத்தேர்ச்சி கிழிந்த தசைநாரைச் சேர்க்காது என்பதை எடுத்துச் சொல்ல, பல கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. அவரும் எல்லா விளையாட்டுகளையும் தனியொருவராகக் கவனிக்க வேண்டியவர்.

படிப்பு முடிந்தபின் இந்த மாணவர்களில் கணிசமானோர் நாடிச் செல்வது ஓசூர் சிப்காட்டின் இயந்திரக்கூடங்களையும் எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளையும்தான். உற்பத்தி வரிசையில் ஒரு ஷிப்டு என்பது எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை. மடங்கும்போது நழுவும் முழங்காலோடு அந்த வேலையில் நிலைப்பது கடினம். ஆகவே கல்லூரி அணி இழந்தது ஒரு ரைடரை என்றால், அவருடைய குடும்பம் இழக்கக்கூடியது ஒரு சம்பளத்தை. கோப்பைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மாற்றாள் முறையை மதிப்பிடுவோர் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இம்முறையின் ஆகப்பெரிய குறை அதுவே. களத்தில் அது எவ்வளவு திறம்பட இயங்கினாலும் இக்குறை நீங்கிவிடாது.

மாற்றாளை இறக்குவதை நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது இல்லாமல் எந்த அணியும் ஆட முடியாது, வாய்ப்புக்காக வெளியே காத்திருக்கும் இரண்டாம் ரைடருக்கும் அதுவே கதவைத் திறக்கிறது. மாற வேண்டியது அது தொடங்கும் நேரம். காயத்துக்குப் பின் ஆளைத் தேடுவதற்குப் பதிலாக, பருவத்தின் தொடக்கத்திலிருந்தே ரைடுகளை மூவருக்குப் பகிர்ந்து, யார் எத்தனை ரைடு போனார் என்பதைப் புள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். அதற்கு ஒரு பேனாவைத் தவிர வேறு செலவு இல்லை. அணியின் பயணப்படிக்கும் சீருடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை விபத்துக் காப்பீட்டுக்கும் இயன்முறை மருத்துவருக்கும் கல்லூரி நிர்வாகங்கள் ஒதுக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் காயம்பட்டவரின் பெயரை அணிப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று பல்கலைக்கழகங்களே விதி செய்யலாம். காயத்தால் இழந்த பருவத்துக்கு ஈடாகச் சான்றிதழ்த் தகுதியில் ஓராண்டு தளர்வு தந்தால், அரைகுறையாக ஆறிய காலோடு களமிறங்க வேண்டிய நெருக்கடியே பெருமளவு குறையும்.