கதவைத் திறந்தது யார்?

கூகி வா தியாங்கோவின் 'மாத்திகாரி' 1986-இல் கிக்கூயு மொழியில் வந்தது. உண்மையும் நீதியும் எங்கே என்று கேட்டபடி ஒருவன் நாடு முழுக்க அலைவதாகக் கென்ய உளவுத்துறைக்குத் தகவல் போக, கைது செய்ய உத்தரவு. அப்புறம்தான் அவன் நாவலின் பாத்திரம் என்று தெரிந்ததாம். 1987-இல் நாவலையே பறிமுதல் செய்தார்கள். கூகி சொன்ன இதை அரசின் முட்டாள்தனமாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கென்னவோ அரசு அந்தப் பிரதியைச் சரியாகவே வாசித்ததாகப் படுகிறது. உடலைப் பூட்டலாம், வதந்தியைப் பூட்டக் கொட்டடி ஏது?

நாவலுக்குள்ளும் இதுதான். மாத்திகாரியோடு அடைபட்டுக் கிடப்பவர்கள் விவசாயி, மாணவன், ஆசிரியர், ஜேப்படித் திருடன், குடிகாரன். அரசியல் கைதி, கிரிமினல் என்று அதிகாரம் கிழித்த கோடு, இருக்கிற சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்கையில் அழிகிறது. இரவோடு இரவாக எல்லோரும் வெளியே. தேவதூதன் கேப்ரியல் வந்து திறந்துவிட்டதாக ஊர் பேசுகிறது.

சரி, கதவைத் திறந்தது யார்? குத்தேரா. தகப்பனின் உயிருக்கு விலையாகப் போலீஸ் அதிகாரி தன் உடலைக் கேட்டபோது மறுத்தவள். தகப்பன் கொல்லப்பட்டு, வறுமை அவளைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளிய பிறகும், போலீஸ்காரனோடு மட்டும் போவதில்லை என்றிருந்தவள். மாத்திகாரிக்காக அந்த வைராக்கியத்தை உடைக்கிறாள். ஊர் கட்டிய தொன்மத்தில் அவளுக்கு இடமில்லை.

சிறை இலக்கியம் பற்றிய நம் பேச்சு உள்ளே கிடந்தவனோடு நின்றுவிடுகிறது. வெளியே நிற்கிறவளின் உடலில் அரசு வசூலித்ததைக் கூகி எழுதித்தான் வைத்திருக்கிறார். மாத்திகாரியை மட்டும் கொண்டாடுகிற வாசிப்பு அந்தத் தேவதூதனை நம்புகிற வாசிப்புதான்.