கரி மையும் வர்ணக் கலப்பும்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் குண்டடத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ ஒருவர், செல்லரித்துப்போன தம் பாட்டனாரின் ஸ்டூடியோப் படத்தைக் கணினியில் செப்பனிட்டு, இங்க்ஜெட் இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையாகவே அச்சிட விரும்புவாராயின், அதன் சாம்பல் சாயல்களை எந்த மையால் உண்டாக்குவது என்பதே அவர் தீர்மானிக்க வேண்டிய பிரதான விஷயம். வர்ண மைகளை மட்டும் கூட்டிச் சாம்பல் செய்யும் முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை; மூன்றில் ஒன்று வெளிறினாலே பாட்டனாரின் முகம் வேறு நிறமாகத் திரிந்துவிடும்.

கறுப்பு மையிலுள்ள கரியின் சுபாவம் வேறு. எத்தனை காலம் வெளிச்சம் பட்டாலும் அது எளிதில் மங்குவதில்லை. ஆனால் மெல்லிய நிழல்களுக்காக அதை நீர்க்கச் செய்தால், அதன் நுண்துகள்கள் ஒளியின் நீலப் பகுதியை மிகுதியாக விழுங்குவதால், சாம்பல் பழுப்பேறித் தோன்றும். அந்தப் பழுப்பைச் சமன்செய்யவே நீலமும் சிறிது மெஜந்தாவும் சேர்க்கப்படுகின்றன. 2000-இல் அமெரிக்கரான ஜான் கோன் வெளியிட்ட பியஸோகிராஃபி முறை, வர்ண மைகள் இருந்த இடத்தில் பல அடர்த்திகளிலான கறுப்பு மைகளை வைத்தது. 2005-இல் எப்ஸன் நிறுவனம் மூன்று கறுப்புகள் கொண்ட மைத்தொகுதியை அளித்தபோது, கறுப்பு பெரும்பாரத்தைத் தாங்க, வர்ணம் சாயலைத் திருத்த மட்டும் வரும் ஏற்பாடு சாதாரணமானவர்க்கும் கிட்டியது.

இக்கலப்பின் கண்கவர் நடுநிலைக்கு ஒரு விலை உண்டு. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் ஷேடு பார்ப்பவர்கள் துணியை ஒளிப்பெட்டியில் வைத்து, டி65 என்னும் பகல் வெளிச்சத்திலும் டிஎல்84 என்னும் கடைவிளக்கு வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிச் சோதிப்பது எந்த அபாயத்தை அஞ்சியோ, அதே அபாயம் இங்கும் இருக்கிறது: பகலில் நடுநிலையாக நின்ற சாம்பல், இரவில் விளக்கின்கீழ் வேறு சாயல் காட்டக்கூடும், வர்ணத்தின் பங்கு ஏற ஏற இந்தச் சலனமும் ஏறும். மேலும், கரி நிலைத்திருக்க வர்ணம் மட்டும் முந்தி மங்கும். இரண்டு வர்ணங்களும் ஒருசேர மங்கினால் படம் கரியின் இயல்பான பழுப்புக்குத் திரும்பும், அதனால் கேடில்லை. மெஜந்தா முந்திப்போய் நீலம் எஞ்சினாலோ பச்சை தலைகாட்டும்.

கரியையும் வர்ணத்தையும் ஒரே குப்பியில் கலந்துவைப்பதை நான் ஒப்புவதில்லை. துகள்களைத் தாங்கும் திரவங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமற்போனால் துகள்கள் திரண்டு அடியில் படியும், அச்சுத்தலையின் துளையும் அடைபடும். தனித்தனிக் குப்பியில் இருந்தாலோ, தாளுக்குத் தக்கபடி வர்ணத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும். (வெண்மையூட்டிய தாள்கள் நீலச்சாயல் காட்டிக் கரியின் பழுப்பை மறைப்பதும், அந்த வெண்மை தேய்ந்ததும் மஞ்சளாவதும் தனிக்கதை.)

கண்காட்சிக்கோ, குளிர்ந்த சாயலையே வேண்டும் நகரக் காட்சிக்கோ மிதமான கலப்பு தகும். பாட்டனார் படத்துக்கு, வெண்மையூட்டாத பருத்தித் தாளில் தனிக் கரியே போதுமென்பது என் அபிப்பிராயம்; பழைய ஸ்டூடியோப் படங்களிலும் இளம்பழுப்பு புதிதல்லவே.