குரலும் அசைவும்: 'கோச்சடையான்' எழுப்பிய வினா

கணினி ஈன்ற மாந்தரை மனித மனம் எப்போது ஏற்கிறது, எப்போது மறுக்கிறது? 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' திரைப்படத்தை இன்று மீண்டும் காண்போர்க்கு இவ்வினா எழாமல் இராது. நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிவுசெய்து கணினி உருவத்திற்கு ஊட்டும் முறையில் அமைந்த படம் அது. நாயகனின் குரல் ரஜினிகாந்தின் சொந்தக் குரலே. எனினும் அவ்வுருவம் வாய் திறக்கும்தோறும் நம்முள் ஒரு விலகல் நேர்கிறது.

இதற்கு ஓவிய நுணுக்கம் போதாமையே காரணம் என்பர் சிலர். அது பாதி உண்மையே. 1973இல் சுவீடன் உளவியலறிஞர் குன்னார் யோஹான்சன், மூட்டுகளில் பொருத்திய சில ஒளிப்புள்ளிகளை மட்டும் இருளில் அசையக் காட்டினார். கண்டோர், நடப்பவர் மனிதர் என உடனே உணர்ந்தனர். முகமே தேவைப்படவில்லை. நம் தோற்பாவைக்கூத்திலும் ஒரே கலைஞர் பல பாவைகளுக்குக் குரல் தருகிறார். எவரும் முகம் சுளிப்பதில்லை. பாவை தன்னை மனிதன் என்று சொல்லிக்கொள்வதில்லையே!

அவ்வாறாயின் குறை எங்குள்ளது? குரலும் உருவமும் ஒரே அளவில் மனிதத்தன்மை பெறாத இடத்தில்தான். மனித முகத்திற்கு இயந்திரக் குரலையோ, இயந்திர உருவத்திற்கு மனிதக் குரலையோ இணைத்தால் பார்ப்போர்க்கு அச்சம் கலந்த ஒவ்வாமை மிகுகிறது என 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 'கோச்சடையா'னில் நிகழ்ந்ததும் இதுவே. 1975 முதல் நாம் கேட்டுப் பழகிய அக்குரலில் மூச்சும் தயக்கமும் வேகமும் உயிரோடிருக்கின்றன. உதடுகளும் விழிகளுமோ அவற்றைத் தொடர இயலாது பின்தங்குகின்றன. குரல் மெய்யாக ஒலிக்க ஒலிக்க, முகத்தின் வறுமை மேலும் வெளிப்படுகிறது.

2009இல் மறைந்த நாகேஷும் இப்படத்தில் தோன்றுகிறார். முகச்சாயல் அவருடையது, அசைவும் குரலும் பிறர் அளித்தவை. நாகேஷின் கலையோ முகத்தில் மட்டும் குடியிருந்ததன்று. உடல் வளையும் விரைவிலும், சொல் விழும் கணத்திலும் அது வாழ்ந்தது. அவ்விரண்டும் நீங்கிய பின் எஞ்சுவது ஒரு முகமூடியே. அன்பினால் செய்த அஞ்சலி எனினும், அவரை அறிந்த தலைமுறைக்கு அது அவரது இன்மையையே நினைவூட்டியது. அவரை அறியாத தலைமுறையோ அம்முகமூடியையே நாகேஷ் என்று கொள்ளக்கூடும்.

மறைந்தோரின் குரலையே கணினி போலியாக இசைக்கும் காலம் இன்று வந்துவிட்டது. இனி ஒவ்வாமை நம்மை எச்சரிக்காமலும் போகலாம். ஒருவரது குரலும் நடையும் அவர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம் என்னும் உணர்வே அப்போது நமக்குக் காவலாக வேண்டும்.