தோற்ற சுல்தானின் குரல்

பழைய ஏடொன்று அச்சேறும்போது அதன் பதிப்பாசிரியரை நாம் கேள்வி கேட்கிறோம். எந்தப் படியை அவர் மூலமாகக் கொண்டார், எதை விட்டார், எதைச் சேர்த்தார், யாருடைய சொல்லை யார் பெயரில் ஏற்றினார் என்று ஆராய்கிறோம். பழைய இசையொன்று ஒலிப்பதிவாக வெளிவரும்போதும் இதே கேள்விகளை எழுப்புவதே முறை. ஆனால் ஐரோப்பாவின் பரோக் காலத்து இசைநாடகங்கள் குறித்து இசையன்பர்கள் சொல்லிவரும் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால், வாதத்தின் பெரும்பகுதி குரலின் இனிமையையும் தாளத்தின் விரைவையுமே சுற்றிச் சுழல்கிறது. நாடகம் என்ன சொல்கிறது, அதைச் சொல்லும் உரிமை எந்தப் பாத்திரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பன பின்னுக்குப் போய்விடுகின்றன.

இக்குறையை எடுத்துக்காட்ட நமக்கு நெருங்கிய பொருளுடைய இரு படைப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஹாண்டெல் இசையமைத்து 1724 அக்டோபர் 31 அன்று லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் மேடையேறிய ‘தமர்லானோ’. மற்றொன்று, 1735இல் வெரோனா நகரில் விவால்தி அரங்கேற்றிய ‘பாயஸீத்’. இரண்டும் உஸ்மானிய சுல்தான் முதலாம் பாயஸீத், அமீர் தைமூரின் கையில் சிறைப்பட்டு மாண்ட வரலாற்றைப் பாடுகின்றன. வென்றவரும் முஸ்லிம், தோற்றவரும் முஸ்லிம். பாடியவர்களும் கேட்டவர்களுமோ கிறித்தவ ஐரோப்பியர்கள். இந்த விந்தையே நம் கவனத்துக்குப் போதுமான காரணமாகும்.

வரலாறும் உவமையும்

‘யில்திரிம்’, அதாவது மின்னல், என்று புகழ்பெற்ற பாயஸீத் 1402ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 804இல், அங்காரா போர்க்களத்தில் சிறைப்பட்டார். மறு ஆண்டே சிறையிருப்பில் காலமானார். அவரை இரும்புக் கூண்டில் அடைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றனர் என்னும் கதை ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆங்கில நாடகாசிரியர் மார்லோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கூண்டை மேடையிலேயே நிறுத்தினார்.

இக்கதையின் வேரைத் தேடுவோர் திமிஷ்கைச் சேர்ந்த இப்னு அரப்ஷாவிடம் வந்து சேருகின்றனர். சிறுவயதில் தைமூரின் படையால் சமர்கந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிற்காலத்தில் உஸ்மானிய அரசவையில் பணிபுரிந்து, தைமூரின் வரலாற்றை அரபியில் எழுதியவர் அவர். அந்நூல் ஸஜ்உ என்னும் எதுகை நடையில் அமைந்தது. வேட்டையில் அகப்படுதலைக் குறிக்கும் ‘கனஸ்’ என்ற சொல்லையும் கூண்டைக் குறிக்கும் ‘கஃபஸ்’ என்ற சொல்லையும் எதுகையாக்கி, கூண்டுப் பறவைபோல் சுல்தான் ஆனார் என்று அவர் எழுதினார். எதுகைக்காக வந்த உவமை இரும்புக் கம்பிகளாக இறுகிவிட்டது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். தைமூரின் தரப்பில் நின்று பாரசீகத்தில் எழுதிய ஷரஃபுத்தீன் அலீ யஸ்தீயோ சுல்தானின் மரணத்தை நோயின் விளைவாகவே சொல்கிறார். ஒரு செய்தி யார் வாய்வழி வந்தது என்று பாராமல் அதன் நிறத்தை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஹாண்டெல் எடுத்தாண்ட கதைப்பாடல் வெனிஸ் நகரப் பிரபு அகோஸ்தினோ பியோவேனே எழுதியது. அதைத் திருத்தி அமைத்தவர் நிக்கோலா ஹைம். இதில் கூண்டு கிடையாது. பாயஸீத், அவருடைய மகளாகக் கற்பிக்கப்பட்ட அஸ்தேரியா, அவளை விரும்பும் கிரேக்க இளவரசன் அந்திரோனிகோ, அவளை அடையத் துடிக்கும் தைமூர், தைமூருக்கு மணம் பேசப்பட்ட இரேனே ஆகியோரின் மனப்போராட்டமே நாடகம். கோழையாகவோ கோமாளியாகவோ துருக்கியரைக் காட்டுவது வழக்கமாயிருந்த மேடையில், இங்கே தோற்ற துருக்கிய சுல்தானே மானத்தின் உருவமாக நிற்கிறார். அதே வேளையில் அவர் பேசுவது பண்டைய ரோமானிய வீரனின் பேச்சு. இறுதியில் நஞ்சுண்டு சாகிறார். சாகும்போது கிரேக்கப் புராணத்துப் பழிதெய்வங்களை அழைக்கிறார். தற்கொலையை விலக்கிய மார்க்கத்தில் பிறந்த மன்னர் ஒருவரின் வாயில் இச்சொற்கள் எவ்வளவு பொருந்தாதவை என்பது அன்றைய லண்டன் அவைக்குத் தோன்றவில்லை. இக்குறையைச் சொல்லாமல் இப்படைப்பைப் புகழ்வது விமர்சனமாகாது. இக்குறை ஒன்றை மட்டுமே சொல்லி ஒதுக்குவதும் விமர்சனமாகாது.

யார் பாடுவது?

1724இல் தைமூராகப் பாடியவர் அந்திரேயா பாச்சீனி. அந்திரோனிகோவாகப் பாடியவர் புகழ்பெற்ற செனெசீனோ. இருவரும் சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டு, குரல் உடையாமல் காக்கப்பட்ட பாடகர்கள். அந்தக் கொடிய வழக்கம் ஒழிந்தது நன்று. ஆனால் அவர்களுக்கென எழுதப்பட்ட பாடல்களை இன்று யார் பாடுவது என்பதில் கேட்போர் இரு கட்சியாகப் பிரிந்திருக்கின்றனர். 1985இல் ஜான் எலியட் கார்டினர் நடத்திய பதிவில் தைமூராகப் பாடியவர் டெரிக் லீ ராஜின். 2014இல் ரிக்கார்தோ மினாசியின் தலைமையில் வெளிவந்த பதிவில் ஷாவியேர் சபாதா. இவ்விருவரும் கவுண்டர்-டெனர் எனப்படும், உயர்ந்த சுருதியில் பாடப் பயின்ற ஆண்கள். ட்ரெவர் பின்னக் நடத்திய 2001ஆம் ஆண்டுப் பதிவிலோ மோனிக்கா பச்செல்லி என்னும் பெண்மணி அதே பாத்திரத்தை ஏற்றிருக்கிறார்.

ஆண் பாடினால் குரலில் சதைப்பற்று இல்லை என்பது ஒரு கட்சி. பெண் பாடினால் கொடுங்கோலனின் உருவம் மனத்தில் எழவில்லை என்பது மறு கட்சி. பழமைக்கு உண்மையானது தங்கள் தெரிவே என்று இரு கட்சியாரும் சாதிக்கின்றனர். உண்மையில் இருவருக்கும் சான்று இல்லை. அவ்வகைப் பாடகருள் ஒலிப்பதிவில் தனிக்குரல் விட்டுச் சென்றவராக நாம் அறிந்தவர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி ஒருவரே. அவர் 1902இலும் 1904இலும் ரோமில் பாடிய பதிவுகள் தேவாலய இசை மரபைச் சார்ந்தவை. ஹாண்டெலின் மேடைக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே குரலின் பிறப்பைக் கொண்டு தீர்ப்பளிப்பதை விட்டு, சொல்லின் கூர்மையைக் கொண்டு தீர்ப்பளிப்பதே நேர்மை. சபாதாவின் தைமூர் சினத்தை உரத்துக் கத்திக் காட்டுவதில்லை. சொல்லை மெல்லக் கடித்துத் துப்புகிறார். அச்சம் அங்கேதான் பிறக்கிறது.

பாயஸீதின் பாத்திரமோ டெனர் குரலுக்கென்றே எழுதப்பட்டது. நாயகப் பாத்திரங்கள் எல்லாம் உயர்ந்த குரல்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், இயல்பான ஆண்குரலுக்கு இத்துணைப் பெரிய இடம் கொடுத்தது புதுமை. முதலில் பாடிய பொரோசீனி, காஸ்பரீனி இசையமைத்த முந்தைய நாடகத்திலும் அதே சுல்தானாக நடித்தவர். அவர் லண்டன் வந்த பின்னரே ஹாண்டெல், முன்பு எழுதி முடித்ததைத் திருத்தி மரணக் காட்சியை இன்றைய வடிவில் அமைத்தார்.

இப்பாத்திரத்தை 2008இல் மத்ரித் நகரில் தம் 67ஆம் வயதில் ஏற்றார் ப்ளாசிதோ தொமிங்கோ. அந்த ஒளிப்பதிவைப் பற்றிய கருத்து வேற்றுமை மிகக் கூர்மையானது. பரோக் பாணிக்குரிய நுண்ணிய அலங்காரங்கள் அவரிடம் இல்லை என்பர் ஒரு சாரார். முதுமையின் கம்பீரமே பாத்திரத்துக்குப் போதும் என்பர் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் கார்டினர் பதிவின் நைஜல் ராப்சனையும் மினாசி பதிவின் ஜான் மார்க் ஐன்ஸ்லியையும் கேட்டபின், பாணியறிவும் கம்பீரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது விளங்கும். ஐன்ஸ்லியின் சுல்தான் முதலில் மன்னராகவும் பின்னர் தந்தையாகவும் இறுதியில் வெறும் மூச்சாகவும் குறைந்து செல்கிறார்.

வெட்டப்படும் உரையாடல்

கேட்போரின் மற்றொரு முறையீடு, பாடல்களுக்கு இடையே பேச்சுப்போல் ஓடும் உரையாடல் பகுதிகள் நீளமானவை, சலிப்பூட்டுபவை என்பதாகும். சில அரங்குகளும் பதிவுகளும் அவற்றைச் சுருக்கிவிடுகின்றன. பிற நாடகங்களில் இதைப் பொறுக்கலாம். இந்நாடகத்தில் பொறுக்க இயலாது. இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் அங்கத்தின் இறுதியைக் கவனியுங்கள். தைமூரின் அரியணையை நோக்கி மகள் நடக்கிறாள். தந்தை அவள் வழியில் குறுக்கே விழுந்து தம்மை மிதித்துச் செல்லச் சொல்கிறார். அவள் குறுவாளை எறிந்து தன் உட்கருத்தை வெளியிடுகிறாள். தைமூரைக் கொல்லவே அவள் அரியணை ஏறத் துணிந்தாள். பின்னர் தந்தை, காதலன், இரேனே ஆகிய மூவரையும் நோக்கி, நான் துரோகியா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறாள். மூவரும் ‘இல்லை’ என்று தொடங்கும் சிறுபாடலொன்றைப் பாடி விலகுகின்றனர். முன்னே நடந்த உரையாடல் வெட்டப்பட்டால் இந்த மூன்று ‘இல்லை’களும் பொருளற்ற மூன்று பாட்டுகள் ஆகிவிடும்.

மரணக் காட்சி இன்னும் தெளிவான சான்று. அங்கே ஹாண்டெல், பாடல் என்னும் கட்டுமானத்தையே கைவிட்டார். பேச்சும் இசையும் மாறி மாறி வருகின்றன, தாளம் முறிகிறது, மகளிடம் விடைபெறும்போது மெட்டு ஒருகணம் முழுமை பெற்று மீண்டும் சிதறுகிறது, கடைசிச் சொற்கள் துண்டு துண்டாக உதிர்கின்றன. இதைத் தொடர்ந்து அஸ்தேரியாவுக்கென எழுதிய பாடலையும் அவரே முதல் மேடையேற்றத்துக்கு முன் நீக்கினார். எழுதப்பட்டதெல்லாம் பதிவில் வேண்டும் எனக் கோருவோர் உண்டு. ஆசிரியர் மௌனத்தைத் தேர்ந்த இடத்தில் அவருடைய பழைய தாளைக் கொண்டு அதை நிரப்புவது விசுவாசமாகாது.

யாருடைய பாட்டு?

விவால்தியின் நாடகம் வேறு வகையான கேள்வியை எழுப்புகிறது. அது பலருடைய பாடல்களைக் கோத்தமைத்த தொகைநாடகம். சுல்தானுக்கும் மகளுக்கும் பெரும்பாலும் தம் சொந்த இசையை அளித்த விவால்தி, வென்றவரின் அணிக்கு ஹஸ்ஸே, ஜாக்கோமெல்லி, ப்ரோஸ்கி போன்ற பிறர் மெட்டுகளைக் கடன் வாங்கினார். வெனிஸின் இசைக்குச் சவாலாக எழுந்த நேப்பிள்ஸ் பாணியைத் தைமூரின் அரண்மனையில் குடியேற்றி, தம்மைத் தோற்றவர் பக்கம் நிறுத்திக்கொண்டார் என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

இரேனே பாடும், புறக்கணிக்கப்பட்ட மனைவியின் புலம்பலை உலகம் நெடுங்காலம் விவால்தியின் பாட்டென்றே போற்றியது. செசிலியா பர்த்தோலி 1992இல் வெளியிட்ட தொகுப்பின் மூலம் அது எங்கும் பரவியது. அதன் மெட்டு ஜாக்கோமெல்லி 1734இல் இயற்றிய ‘மெரோபே’ நாடகத்தினது. உண்மை தெரிந்தபின் சிலர் அப்பாட்டின் மதிப்பே குறைந்துவிட்டதாகப் பேசினர். பெயர் மாறியதால் பாட்டு மாறவில்லை. ஆனால் உரியவருக்கு உரியதைக் கொடுப்பது அறிவின் கடமை; அந்தக் கடமையை நிறைவேற்றிய பின் தாராளமாக மகிழலாம்.

ஃபாபியோ பியோந்தி 2005இல் வெளியிட்ட பதிவு ‘பாயஸீத்’ என்றும், ஒத்தாவியோ தாந்தோனே 2020இல் வெளியிட்ட பதிவு ‘தமர்லானோ’ என்றும் பெயர் தாங்கின. முன்னதில் ப்ரோஸ்கியின் போர்ப்பாட்டை விவிகா ஜெனோ பாடும் வேகத்தை வியக்காதவர் அரியர். அந்த வியப்பே பதிவின் ஆபத்தும் ஆகும். கேட்போர் அந்த ஆறேழு நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இல்தெப்ராந்தோ தார்காஞ்சலோ தம் கனத்த குரலில் சுமந்து நிற்கும் சுல்தானைக் கைவிடுகின்றனர். தாந்தோனேயின் பதிவில் பகட்டு குறைவு. உரையாடலின் அழுத்தம் மிகுதி. இரண்டில் ஒன்றே வாங்க இயலும் என்போருக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன். தனிப்பாடல்களின் அழகுக்கு முன்னது.

ஹாண்டெலின் நாடகத்துக்கு மினாசியின் பதிவையே முதலாவதாக வைக்கிறேன். அதன் விரைவு சில இடங்களில் மிகை என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் மரணக் காட்சியில் அது விரைவதில்லை. சுல்தான் வீழ்ந்தபின், மரபுப்படி மகிழ்ச்சியைப் பாடவேண்டிய இறுதிக் கூட்டுப்பாடலை ஹாண்டெல் சோகச் சாயலிலேயே அமைத்தார். வென்றவர் மன்னிப்பு வழங்குகிறார். இசையோ அந்த மன்னிப்பை முழுமையாக நம்பவில்லை. எந்தப் பதிவில் அந்த நம்பாமை நம் காதுக்கு எட்டுகிறதோ அதுவே நல்ல பதிவு.