ஐந்தாவது பெண்மணி

கல்கத்தாவில் வாழ்ந்த பக்தாது யூதக் குடும்பமொன்றின் நான்கு தலைமுறைப் பெண்டிரை வைத்து ஜேயல் சில்லிமன் எழுதி, 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நூல் ‘ஜூயிஷ் போர்ட்ரெயிட்ஸ், இண்டியன் ஃபிரேம்ஸ்’. யூதர்களைப் பற்றியதுதானே என்று நம்மவர் ஒதுக்கிவிடத் தக்க நூலன்று இது. குடிபெயர்ந்து வந்தோர் தம் மக்களை எப்பள்ளியில் சேர்ப்பது என்று தவித்த தவிப்பு நமக்கும் புதிதன்று.

அலெப்போ நகரத்து ஷாலோம் கோஹன் 1798-இல் கல்கத்தாவை அடைந்தார். அவருக்குப்பின் பக்தாதிலிருந்து வந்தோர் வீட்டில் அரபி பேசினர். அதனை எபிரேய எழுத்தில் எழுதினர். தமிழை அரபு எழுத்தில் வரைந்த நம் முன்னோரின் அறபுத்தமிழ் இங்கே நினைவுக்கு வராமற் போகாது. மிஷன் பள்ளிகளில் பயின்றால் பிள்ளைகள் மார்க்கத்தை மறப்பர் என்றஞ்சி, 1881-இல் யூதப் பெண்கள் பள்ளியை நிறுவினர். எனினும் அங்கே ஆங்கிலமே பயிற்றுமொழியாக நிலைபெற்றது. மார்க்கத்தைக் காக்க எழுந்த கூடம், வீட்டு மொழியைக் காக்கவில்லை!

பெருவணிகரின் புகழ் பாடாமல், அடுக்களையும் உடையும் பேச்சும் மாறிய விதத்தை, கொள்ளுப்பாட்டி ஃபர்ஹா தொடங்கித் தாய் ஃபிளவர் வரை பெண்களின் வாழ்வைக்கொண்டே காட்டுவது நூலின் சிறப்பு.

குறையும் அங்கேயே இருக்கிறது. நால்வரும் யூதரே. 1940-களில் சில ஆயிரவராயிருந்த அச்சமூகம், நாட்டு விடுதலைக்குப்பின் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா எனச் சிதறிற்று. பள்ளியோ மூடப்படவில்லை. இன்று அங்கே பயில்வோரிற் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர்.

அப்பள்ளி வென்றதா, தோற்றதா? மக்கள் வெளியேறியதற்கு அரசியலும் பிழைப்புமே காரணங்கள். அப்பழியைப் பள்ளியின்மீது சுமத்துதல் நேர்மையன்று. மொழி மறைந்ததில் மட்டும் பள்ளிக்கும் பங்குண்டு.

சேலத்திலும் நாமக்கல்லிலும் வீட்டில் உருது, மதரஸாவில் அரபி, பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ என்று மூன்று வாசல்களில் நிற்கும் குழந்தைகளின் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தனிப்பள்ளி கட்டிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணுவது தவறு. வீட்டில் பேசப்படாத மொழியையும் பேணப்படாத ஒழுக்கத்தையும் எந்தப் பள்ளியும் மீட்டுத் தராது.

பிறர் தம் மக்களுக்கென்று எழுப்பிய கூடத்தில் கற்று வெளிவரும் முஸ்லிம் பெண்ணே அந்நூலில் இல்லாத ஐந்தாவது பெண்மணி. அவள் கதையை அவளே எழுதட்டும். தன் பாட்டிக்கும் புரிகிற மொழியில் எழுதட்டும்.