வெட்டி எறிந்த நாற்பது நிமிடம்

போன சித்திரையில் அண்ணன் மகள் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வீடியோ எடுத்தாள். பறவைகளுக்கு இரை வைப்பது எப்படி என்று. போனை நிறுத்த இரண்டு செங்கல், இடுக்கில் ஒரு துணி உருண்டை. புது மண்தட்டைக் கழுவுவதை மூன்று பக்கத்திலிருந்து எடுத்தாள். கம்பு கொட்டுவதை மெதுவாக ஓடும்படி எடுத்தாள். எல்லாம் அழகாக வந்தது, குருவி மட்டும் வரவில்லை. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டோம். போன் நாற்பது நிமிடம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டி ஓட்டிப் பார்த்தால் தட்டு, தட்டின் நிழல், எறும்பு.

"இதுல ஒண்ணுமே நடக்கல சித்தப்பா" என்று அதை அழித்துவிட்டு, எப்போதோ கள்ளக்குறிச்சி அரிசி ஆலை ஒன்றின் வாசலில் எடுத்து வைத்திருந்த குருவிக் கூட்டத்தை அந்த இடத்தில் ஒட்டினாள். தட்டு வைத்த மூன்றாவது விநாடியில் பத்துப் பதினைந்து குருவிகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு சில நாள் இந்த வகை வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். பொருளைக் காட்டு, செய்முறையைக் காட்டு, உடனே பறவையைக் காட்டு. நடுவில் உள்ளதை வெட்டு. சமையல் வீடியோவின் இலக்கணம் இது. குக்கர் ஐந்து விசில் விடும் நேரத்தை வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை, ஐந்து விசிலில் பருப்பு வெந்தே தீரும். குருவிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கைவேலையைச் சொல்லித்தருவதில் எழுத்தை விட வீடியோ பல மடங்கு மேல். தேங்காய்த் தொட்டியில் மூன்று துளை எங்கே போடுவது, கயிற்றை எப்படி முடிந்தால் தொட்டி சாயாது என்பதை நான் ஒரு பக்கம் எழுதினாலும் உங்களுக்குப் புரியாது. பதினைந்து விநாடியில் ஒரு கை காட்டிவிடுகிறது. பேச்சும் வீட்டுப் பேச்சாக இருக்கிறது. செலவு கிடையாது, கடைக்குப் போ என்று யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியம், தண்ணீர். கோடை வந்தால் கிட்டத்தட்ட எல்லாருமே தண்ணீர் வைக்கச் சொல்கிறார்கள். அகலமான, ஆழமில்லாத தட்டு, சின்னப் பறவை நிற்க நடுவில் ஒரு கல், வெயில் படாத இடம். எங்கள் ஊர் மே மாத வெயிலில் தானியத்தைவிட இதுதான் பெரிய உபகாரம். எங்கள் தெருவில் முன்பு இரண்டு வீட்டில் தண்ணீர்த் தட்டு இருந்தது, இப்போது ஏழெட்டு வீட்டில் இருக்கிறது. அதில் இந்த வீடியோக்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

கோளாறு பறவையிடம் வரும்போது தொடங்குகிறது. "நம்ம வீட்டுத் தோட்டத்துக்கு வர்ற பறவைங்க" என்று குரல் சொல்லும்போது திரையில் செம்மார்போடு ஐரோப்பிய ராபின் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, பின்னால் உறைபனி. இலவசமாகக் கிடைக்கும் வெளிநாட்டுக் காட்சித் துண்டு. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் படம் அங்கிருந்து வந்தால் கருவியும் அங்கிருந்தே வருகிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு மரக்கரண்டியைக் குறுக்கே செருகி, கரண்டிக் குழிவில் தானியம் வழியும்படி செய்யும் அந்தப் பிரபலமான செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியைப் பற்றித் தொங்கித் தின்னும் குளிர்நாட்டுக் குருவிகளுக்கு அது சரி. நம் வாசலுக்கு வருகிறவர்கள் யார்? மைனா, தவிட்டுக்குருவி, புறா, காக்கை. எல்லாம் தரையில் நடந்து பொறுக்குகிற கூட்டம். சிட்டுக்குருவி முயன்றால் கரண்டியில் உட்காரும், ஆனால் அதற்கும் தரைதான் பிடித்த இடம். ஒரு மழை பெய்தால் பாட்டிலுக்குள் தானியம் ஊறி முளைவிடும், பூஞ்சை பிடிக்கும். பத்தாம் நாள் பாட்டிலை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வீடியோக்களும் இந்த ரகம். அமெரிக்காவில் ஹம்மிங் பறவைக்கு வைப்பதைப் பார்த்துச் செய்தது. அது அந்தரத்தில் நின்று குடிக்கும். நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும். வாசலில் ஒரு செம்பருத்தியும் இட்லிப்பூச் செடியும் வைத்துவிட்டால் வேறு வேலையே வேண்டாம். செடி வைப்பது மூன்று நிமிட வீடியோவுக்குள் அடங்காது, அதுதான் பிரச்சினை.

அரிசி போட்டால் வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்று எச்சரிக்கிறவர்களும் உண்டு. கள்ளக்குறிச்சியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நெல்லும் நொய்யும் சிதறிக் கிடக்கும் ஆலை வாசல்களில் தலைமுறை தலைமுறையாகக் குருவிகள் தின்று வாழ்கின்றன, ஒன்றும் வெடித்து விழவில்லை. உண்மையில் ஆகாதவை உப்பும் எண்ணெயும். மீந்த மிக்சரையும் முறுக்குத் தூளையும் போடாதே என்று சொல்லும் வீடியோக்கள் குறைவு. குஞ்சுக்குத் தானியமே ஆகாது என்று சொல்வது இன்னும் குறைவு. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான், ஆனால் முட்டையிலிருந்து வந்த முதல் சில நாள் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். தட்டில் கம்பைக் கொட்டிவிட்டுப் பக்கத்துக் கத்தரிச்செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிறார்.

அட்டைப்படத்தில் மட்டும் "அழிந்துவரும் சிட்டுக்குருவி" என்று சிவப்பு எழுத்து தவறாமல் இருக்கும். பின்னால் செல்போன் கோபுரம். கோபுரம்தான் குருவியைக் கொல்கிறது என்ற எண்ணத்தை 2018-இல் வந்த '2.0' படம் இன்னும் ஆழப் பதித்துவிட்டது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, குறைந்திருப்பது சென்னை போன்ற ஆறு பெருநகரங்களில் என்கிறது. எங்கள் ஊருக்கு எந்தப் பாதி பொருந்தும் என்று அறிய ஆலை வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

இரை வைப்பது நமக்குப் புதிதல்ல. சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு பிடி, பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி, அறுப்பு முடிந்ததும் வாசல் நிலையில் தொங்கும் நெற்கதிர்க் குஞ்சம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொஞ்சமாக வைப்பது, தினமும் அதே நேரத்தில் வைப்பது, மிச்சம் கிடக்காமல் பார்த்துக்கொள்வது. சுகாதாரம் என்ற பெயர் இல்லாமலே சுகாதாரம். வீடியோ அட்சய பாத்திரம் போல ஒரு வாரத்துக்கான தானியத்தை ஒரே தடவையில் நிரப்பச் சொல்கிறது.

மலைக்கு வாருங்கள். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் மரவள்ளியோடு சாமையும் தினையும் விளைகிற கொல்லைகள் இருக்கின்றன. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் போய்ப் பறவைக்குத் தினை வைப்பது எப்படி என்று வீடியோ காட்டினால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கதிர் முற்றும் பருவத்தில் தகரம் தட்டியும் கத்தியும் பறவையை ஓட்டுவது அவர்கள் பாடு. இதே மாவட்டத்தில் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றின் நடுவே கபிலர் குன்று இருக்கிறது. குறிஞ்சி பாடிய அந்தக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளி ஓட்டும் கருவிகளுக்கே தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது. விரட்டுகிறவனுக்குப் பறவையைத் தெரிந்தே ஆக வேண்டும். பால் கட்டும்போது எது வரும், முற்றிய பிறகு எது வரும், விடியலில் எது, வெயில் சாய்ந்த பின் எது என்று. கவண்கல்லும் இதில் உண்டு என்பதால் நான் இதைப் பொன்னாடை போர்த்திச் சொல்லவில்லை. ஆனால் பறவைக்கு இரை வைக்கச் சொல்லித்தருகிறவர்கள் ஒருவர்கூட இந்த மக்களிடம் போய்க் கேட்டு நான் பார்த்ததில்லை. திரையில் "பறவைகள்" என்ற ஒரே சொல்தான் உலவுகிறது. மலையில் அது எத்தனையோ பெயர்.

வீடியோக்காரர்களுக்கு மிகவும் பிடித்த மனிதர் சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்த்துவந்த சேகர். 2004 சுனாமியை ஒட்டி மாடிக்கு வந்த ஒன்றிரண்டு கிளிகளில் தொடங்கி, பிறகு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியதை எல்லாரும் பார்த்திருப்போம். பச்சை அலை போல இறங்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லா கேமராவும் எடுத்தது. அரிசியை ஊறவைத்து, பலகை பலகையாகப் பரப்பி, அவை போன பின் கூட்டிப் பெருக்குவதை ஆண்டுக்கணக்கில் ஒரு மனிதர் செய்திருக்கிறார். சொல்லித்தர வேண்டியது அதுதான், கிளி இறங்குவதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

பெருக்கித் துடைப்பதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. தோட்டப் பறவைக்கு இரை வைப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பிரிட்டன்காரர்கள். 2005-இல் அங்கே ஒரு தொற்று கிளம்பியது. புறாக்களிடம் வெகுகாலமாக இருக்கும் டிரைகோமோனாஸ் என்ற நுண்ணுயிரி, கிரீன்ஃபின்ச் என்ற பச்சைக் குருவிக்குத் தாவியது. எச்சில் பட்ட இரையிலும் தண்ணீரிலும் அது பரவும். நோய் வந்த பறவை தொண்டை அடைத்து விழுங்க முடியாமல் சாகும். 2006-க்கும் 2009-க்கும் இடையில் அந்தக் குருவிகள் சுமார் 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகிவிட்டன. அன்போடு வைத்த தட்டுகளே பறவைகளைக் கூட்டிவைத்து நோயையும் பரிமாறின. 2025 தொடக்கத்தில் அந்நாட்டுப் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபி, தட்டையான பரப்புள்ள இரைத் தட்டுகளை விற்பதையே நிறுத்திவைத்தது. நாம் ஆசையாகச் சிபாரிசு செய்வது அதே தட்டைத்தான். அதற்காக மண்தட்டை உடைக்க வேண்டாம். தினமும் மாலையில் மிச்சத்தைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, காயவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். நான் பார்த்த வீடியோக்களில் புதுத் தட்டைக் கழுவுவது வருகிறது. எச்சம் காய்ந்து ஒட்டிய பழைய தட்டைத் தேய்க்கும் கை ஒன்றிலும் இல்லை.

கூட்டுக்குள் போனை நீட்டிக் குஞ்சு வாய் பிளப்பதை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் சேர்ந்திருக்கிறது. லைக் போடுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அழித்த வீடியோ போனின் குப்பைக்கூடையில் முப்பது நாள் கிடக்குமாம். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றதும் அண்ணன் மகள் அந்த நாற்பது நிமிடத்தை மீட்டுக் கொடுத்தாள். இருவரும் உட்கார்ந்து, ஓட்டாமல், முழுதாகப் பார்த்தோம். முப்பத்தோராவது நிமிடத்தில் படத்தின் ஓரத்தில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தவிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தது. கம்பு இருந்த பக்கம் அது திரும்பவே இல்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் போனையே பார்த்தது, செங்கலைப் பார்த்தது, மறுபடி போனை. இரண்டு தத்தல் கிட்டே வந்தது. அப்புறம் பறந்துவிட்டது.

"என்னையப் பாத்து பயந்துடுச்சின்னு நெனச்சேன். நான் அங்க இல்லவே இல்லையே" என்றாள்.