இடித்த பிறகு கேட்கும் கேள்வி

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுக்கள் 2002, 2005, 2008 ஆகிய வருடங்களில் ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று அறிக்கைகள் வெளியிட்டன. வட இங்கிலாந்திலும் மத்திய இங்கிலாந்திலும் காலியாகிக்கொண்டிருந்த தெருக்களை என்ன செய்வது என்பதுதான் விஷயம். முதல் அறிக்கை, சும்மா இருக்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று அரசை உலுக்கியது. இரண்டாவது, செய்வதைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றது. மூன்றாவது, செய்ததால் என்ன பலன் என்றே சொல்ல முடியவில்லையே என்று கைவிரித்தது. தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே பொறுப்பாக எழுதப்பட்டவை. சேர்த்துப் படிக்கும்போதுதான் சங்கடம் தெரிகிறது. அரசைக் கண்காணிக்க இத்தனை ஏற்பாடு இருந்தும், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி மூன்றுக்கும் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது. அது எங்கே விழுந்தது என்று பார்க்கலாம்.

முதலில் அந்தத் தெருக்கள். லிவர்பூல், சால்ஃபோர்ட், பர்ன்லி, ஸ்டோக் போன்ற ஊர்களில் துறைமுகத்துக்கும் பஞ்சாலைக்கும் பீங்கான் தொழிலுக்கும் வந்த தொழிலாளர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய வரிசை வீடுகள் அவை. நம்மூர் லைன் வீடுகளைச் செங்கல்லில், மாடி வைத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளலாம். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், பின்னால் சின்ன முற்றம். ஆலைகள் மூடின, வேலை போனது, இளையவர்கள் கிளம்பினார்கள். 1990களின் முடிவில் சில தெருக்களில் ஒரு வீட்டின் விலை சில ஆயிரம் பவுண்டுக்கு இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் பலகை அடித்துவிட்டால் அடுத்து நம் வீடுதான் என்ற பயம். கடன் வாங்கி வீடு வாங்கியவர் விற்கவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் மாட்டிக்கொண்டார். இது கற்பனைப் பிரச்சினை இல்லை. இதை மறந்துவிட்டு அந்தத் திட்டத்தைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை.

2002ல் போக்குவரத்து, உள்ளாட்சி, வட்டாரங்கள் துறையைக் கவனித்த தெரிவுக் குழு, காலி வீடுகளைப் பற்றி விசாரித்து அறிக்கை தந்தது. குழு அந்த ஊர்களுக்கு நேரில் போனது. நிலைமை மோசம், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று வீடு பழுதுபார்ப்பதால் ஆகாது, ஒரு வட்டாரத்தையே மொத்தமாகக் கையாளவேண்டும், அதற்குத் தனி நிதி வேண்டும் என்றது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே திசையில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசும் கேட்டது. அந்த ஏப்ரலிலேயே ஒன்பது பகுதிகள் தேர்வாயின. விலை போகாத வீடுகள் சுமார் 10 லட்சம் என்பது அன்றைய கணக்கு. அதில் ஏறக்குறைய பாதி இந்த ஒன்பதுக்குள் வந்தது. அடுத்த மாதமே துறை உடைந்து, பொறுப்பு துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட்டிடம் வந்தது. 2003 பிப்ரவரியில் வெளியான பெரிய திட்டத்தில் இதற்கு 50 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்.

திட்டத்தின் பெயர் ஹவுசிங் மார்க்கெட் ரினியூவல். அதாவது வீட்டுச் சந்தைப் புதுப்பிப்பு. இந்தப் பெயரில்தான் என் முதல் விமர்சனம் இருக்கிறது. புதுப்பிக்கப்படுவது வீடு இல்லை, தெரு இல்லை, சந்தை. ஒரு தெருவுக்குச் 'சந்தை தோற்ற இடம்' என்று பெயர் வைத்துவிட்டால், அதில் முப்பது வருடமாக வாழும் கிழவியின் வீடு என்ன ஆகிறது? அவருக்கு அது நல்ல வீடு. கூரை ஒழுகவில்லை, கடன் அடைந்துவிட்டது, கடை பக்கத்தில், மகள் இரண்டு தெரு தள்ளி. சந்தைக் கணக்கில் அது விலை போகாத சரக்கு. 'தேவைக்கு மேல் உள்ள வீடுகள்' என்ற கணக்கில் அவர் வீடும் ஒரு எண்ணாகச் சேர்ந்துவிடும். யாரும் அவரை ஏமாற்றவில்லை. எந்த அதிகாரியும் கெட்டவர் இல்லை. சொல் மட்டும் மாறியது. சொல் மாறியதும் அளவுகோல் மாறியது, அளவுகோல் மாறியதும் இடிப்பதுகூடப் புதுப்பிப்புதான் என்று ஆனது.

2002 அறிக்கை அந்தச் சொல்லை நிறுத்திக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டது. அவையின் நிலையாணைகளின்படி துறைவாரித் தெரிவுக் குழுக்களுக்குக் கொள்கையையே கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 1979ல் அவற்றை ஏற்படுத்தியபோது செலவு, நிர்வாகம், கொள்கை மூன்றையும் ஆராயலாம் என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் இங்கே குழுவே கொள்கையின் பக்கத்தில் நின்று தள்ளிவிட்டது. தான் பெற்ற பிள்ளையைத் தானே கண்டிப்பது கஷ்டம்தானே.

அதனால்தான் 2005 அறிக்கை எனக்கு மூன்றில் சுவாரசியமானது. துறையின் பெயர் மாறியிருந்தது, குழுவின் பெயரும் மாறியிருந்தது. ஆனால் இரண்டு காலத்திலும் குழுவை வழிநடத்தியவர்களில் ஆண்ட்ரூ பென்னட் இருந்தார். மான்செஸ்டர் பக்கத்துத் தொகுதியின் உறுப்பினர், தெருக்கள் தெரிந்தவர். மூன்று வருடத்தில் நிலைமையும் மாறியிருந்தது. வீட்டு விலை நாடு முழுக்க ஏறியது, வடக்கிலும் ஏறியது. இடிக்கப்போகும் வீடுகளின் விலைகூட ஏறத் தொடங்கியது. பழைய கட்டடங்களைக் காப்பவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அறிக்கை இதையெல்லாம் பதிவு செய்கிறது. பாரம்பரியக் கட்டடங்களை யோசிக்காமல் இடிக்காதீர்கள், சூழ்நிலை மாறினால் திட்டமும் மாறவேண்டும் என்கிறது. கூடவே, இது பத்துப் பதினைந்து வருட வேலை, அரசு பாதியில் கைவிடக்கூடாது என்றும் கேட்கிறது. இரண்டு கவலையும் உண்மையானவை. ஆனால் அவை ஒன்றையொன்று முட்டுகின்றன. பார்த்து இடியுங்கள் என்றும் நிறுத்தாமல் பணம் கொடுங்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னால், அரசு எதைக் காதில் வாங்கும்? இரண்டாவதைத்தான் வாங்கியது.

இங்கே ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். இந்தக் குழுக்களின் வாய்மொழி விசாரணை பொதுவாகத் திறந்த அறையில் நடக்கிறது. கேள்வியும் பதிலும் எழுத்தாகி வெளியாகின்றன. அமைச்சர் எங்கே சுற்றி வளைத்தார், எந்த உறுப்பினர் விடாமல் பிடித்தார் என்று நாடகம் படிப்பதுபோலப் படிக்கலாம். இந்திய நாடாளுமன்றத்தின் துறைசார் நிலைக்குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன. நமக்குக் கிடைப்பது முடிவில் வரும் அறிக்கை மட்டும். நம்மூர்ல ஒரு குடியிருப்புத் திட்டத்தைப் பற்றி அதிகாரி என்ன சொன்னார், உறுப்பினர் எப்படி மடக்கினார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நான் இப்படி உட்கார்ந்து குறை கண்டுபிடிக்க முடிவதே அவர்கள் கதவைத் திறந்து வைத்ததால்தான்.

ஆனால் திறந்த கதவு வழியாக யார் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு கேள்வி. மேஜைக்கு முன்னால் பெரும்பாலும் அமைச்சர், மன்றத் தலைவர், வீட்டுவசதிச் சங்கத்து இயக்குநர், பேராசிரியர். தெருவில் இருப்பவர் எழுத்துமூலச் சாட்சியமாகப் பின்னிணைப்பில் வருகிறார். கிழவி கடிதம் எழுதலாம். கடிதம் அச்சாகும். ஆனால் அது யாரிடமும் பதில் கேட்காது. நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மூன்றாவது அறிக்கை பொதுக்கணக்குக் குழுவினுடையது. 1861லிருந்து இருக்கும் குழு, எதிர்க்கட்சிக்காரர் தலைமையில் இயங்கும் மரபு. 2008ல் கன்சர்வேட்டிவ் கட்சியின் எட்வர்ட் லீ தலைவர். தேசியத் தணிக்கை அலுவலகம் முந்தைய வருடம் தந்த கணக்குதான் அடிப்படை. 2007 மார்ச் வரை சுமார் 40,000 வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன, 10,000 இடிக்கப்பட்டன, புதிதாகக் கட்டியது ஆயிரத்துச் சொச்சம். ஒன்று கட்டப் பத்து இடித்த கணக்கு. 2011 வரைக்குமான மொத்த ஒதுக்கீடு சுமார் 220 கோடி பவுண்டு.

குழு கச்சிதமாகக் கேட்டது. இந்தப் பகுதிகளுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இடையிலான விலை வித்தியாசம் சில இடங்களில் குறைந்திருக்கிறதே, அது திட்டத்தாலா, ஊர் முழுக்க விலை ஏறியதாலா? துறையால் திடமாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டை இழந்த சொந்தக்காரர் பற்றியும் கேட்டது. இழப்பீடு வாங்கிக்கொண்டு ஏற்ற வேறு வீடு வாங்கப் போனால் சராசரியாகச் சுமார் 35,000 பவுண்டு கையிலிருந்து போட வேண்டியிருந்தது. கடன் அடைத்த வீட்டில் நிம்மதியாக இருந்தவர் வயதான காலத்தில் மறுபடி கடன்காரர் ஆகிறார். மூன்று அறிக்கைகளிலும் அந்தக் கிழவி கண்ணில் படும் இடம் இதுதான், அதுவும் ஒரு தொகையாக.

கூர்மையான அறிக்கை. ஆனால் பொதுக்கணக்குக் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொள்கை சரியா தவறா என்று அது கேட்பதில்லை. செலவழித்த காசுக்குப் பலன் வந்ததா என்பதோடு நிற்கும். ஆக, கேள்வி விழுந்த இடம் இதுதான். கொள்கையைக் கேட்கும் உரிமை இருந்த குழு அந்தக் கொள்கையைத் தானே கேட்டு வாங்கியிருந்தது. தள்ளி நின்று பார்த்த குழுவுக்குக் கொள்கையைக் கேட்கும் வழக்கமில்லை. 'வீட்டின் மதிப்பைச் சந்தை விலையால் அளப்பதே சரியா?' என்று கேட்க நடுவில் யாரும் இல்லை. விலை வித்தியாசம் குறைந்ததா என்று துருவிக் கேட்பதும் அதே அளவுகோலை ஏற்றுக்கொண்டு கேட்பதுதான்.

2010ல் ஆட்சி மாறியது. 2011 மார்ச்சோடு நிதி நின்றது. அதற்குள் சுமார் 30,000 வீடுகள் இடிபட்டிருந்தன. 1,08,000 வீடுகள் பழுதுபார்க்கப்பட்டிருந்தன. இதையும் மறைக்கக்கூடாது. புதிதாக வந்தவை சுமார் 15,000. பல தெருக்கள் பாதியில் நின்றன. வாங்கி, காலி செய்து, இரும்புத் தகடு அடித்து, இடிக்கக் காசில்லாமல் விட்ட வீடுகள். நடுவில் ஒன்றிரண்டு குடும்பங்கள் மட்டும். தெருவைக் காலி செய்யும் நோயைக் குணப்படுத்தப் போனவர்கள் அரசுச் செலவில் அதே நோயை உண்டாக்கியதுபோல ஆனது. 2013ல் லிவர்பூல் மன்றம் அப்படிக் கையில் தங்கிய வீடுகளில் சிலவற்றை ஒரு பவுண்டுக்கு ஒரு வீடு என்று, பழுதுபார்த்துக் குடியிருக்கத் தயாரானவர்களுக்கு விற்றது. ஸ்டோக்கிலும் அதே. சந்தை விலை என்ற அளவுகோல் கடைசியில் வந்து நின்ற இடம் ஒரு பவுண்டு.

லிவர்பூலின் வெல்ஷ் தெருக்களின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வேல்ஸிலிருந்து வந்த கட்டடக்காரர்கள் கட்டியவை, பெயர்களும் வெல்ஷ். அதில் மாட்ரின் தெரு 9ஆம் எண் வீட்டில்தான் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்தார். 2012ல் அந்த வீட்டையும் கூடச் சிலவற்றையும் மட்டும் விட்டுவைக்கலாம் என்றார்கள். புகழ்பெற்றவர் பிறந்தால் வீடு, மற்றவர்கள் பிறந்தால் சந்தைத் தோல்வி! கடைசியில் பொது விசாரணைக்குப் பிறகு 2015 ஜனவரியில் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் இடிக்க அனுமதி மறுத்தார். உபயோகமில்லை என்று ஒதுக்கிய அந்த வீடுகள் பிறகு புதுப்பிக்கப்பட்டு வாடகைக்குப் போயின. பக்கத்து கிரான்பியில் தெருக்காரர்களே செடி நட்டு, சுவருக்கு வண்ணம் அடித்து, நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ள அறக்கட்டளை தொடங்கினார்கள். அங்கே அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் குழுவுக்கு 2015ல் டர்னர் பரிசு கிடைத்தது. பரிசு கலைக்கானது. ஆனால் அது அங்கீகரித்தது, குடியிருப்பவர் கண்ணுக்குத் தெரிந்த மதிப்பை.

நடந்து முடிந்த பிறகு பேசுவது எளிது என்று ஒருவர் சொல்லலாம். 2002ல் விலை ஏறும் என்று யாருக்குத் தெரியும், 2008 நிதி நெருக்கடி யாருக்குத் தெரியும்? போகவேண்டும் என்று ஆசைப்பட்ட குடும்பங்களும் இருந்தனவே, அவர்களுக்கு இந்தத் திட்டம் விடுதலை இல்லையா? இருந்தார்கள், விடுதலைதான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது ஜோசியம் இல்லை. விலை எப்படி மாறும் என்று தெரியாத நிலையில், திரும்பக் கொண்டுவர முடியாத ஒன்றைச் செய்யும் முன் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதுதான். வீட்டைப் பழுதுபார்த்தது தப்பாகிப் போனால் காசு போகும். இடித்தது தப்பாகிப் போனால் தெரு போகும். இந்த வித்தியாசம் தெரிய எதிர்காலம் தெரிய வேண்டியதில்லை.

நாடாளுமன்றக் கண்காணிப்பு என்றதும் நாம் நினைப்பது திட்டம் முடிந்தபின் வரும் தணிக்கையைத்தான். அது வேண்டும், அது இல்லாவிட்டால் 35,000 பவுண்டு விவகாரம் வெளியே வந்திருக்காது. ஆனால் குடியிருப்பு விஷயத்தில் தணிக்கை வரும்போது செங்கல் லாரியில் ஏறியிருக்கும். குழு தன் வேலையை இன்னும் முன்னால், ஒரு தெருவுக்கு அரசு பெயர் வைக்கும் இடத்தில், தொடங்கவேண்டும். 'பின்தங்கிய பகுதி', 'தேவை குறைந்த வீடு', 'சீரமைக்கப்பட வேண்டிய இடம்' என்று கோப்பில் எழுதும்போதே, யார் எழுதினார்கள், எதை வைத்து அளந்தார்கள், அங்கே குடியிருப்பவரைக் கேட்டார்களா என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அமைச்சரோடு அந்தத் தெருக்காரரையும் அதே மேஜையில் உட்காரவைக்க வேண்டும், பின்னிணைப்பில் இல்லை.

இன்னொன்றும் வேண்டும். குழு அறிக்கை கொடுத்தால் அரசு இரண்டு மாதத்தில் பதில் தரவேண்டும் என்பது அங்கே மரபு. அரசு சொன்னதைச் செய்ததா என்று குழு திரும்பிப் பார்ப்பதும் உண்டு. குழு சொன்னது சரியாக இருந்ததா என்று குழுவே திரும்பிப் பார்க்க எந்த மரபும் இல்லை. 2002 அறிக்கையின் பரிந்துரைகளை வரிசையாக வைத்து, இதைக் கேட்டோம், கிடைத்தது, இப்படி ஆனது என்று ஒரு நாலாவது அறிக்கை எழுதியிருந்தால், அதுதான் நான்கிலும் அதிகம் படிக்கவேண்டியதாக இருந்திருக்கும்.